ஏழரை

ஐந்து, ஏழரை, பத்து.
துவாஸ் விடுதி மினிமார்ட்டில்
கொசுவத்திச் சுருளுக்கும் சார்டின் டின்னுக்கும் நடுவே
மூன்று அகலத்தில் கட்டுத்துணிச் சுருள்.

ஐந்து விரலுக்கு.
பத்து தொடைக்கு.
முன்னங்கைக்கு ஏழரை சென்டிமீட்டர் என்று
தாதி நசீரா தமிழில் எழுதிக்கொடுத்த சீட்டு
என் சட்டைப்பையில்.

ஏழரை! சிரிப்பு வந்தது.
சகாயத்தோடு நான் பேசி நான்கு மாதம்.
அது எங்கள் அறையில் ஏற்கெனவே குடியிருக்கிறது.
இப்போது உறைபோட்டு விற்கிறார்கள்.

எண்பது வெள்ளி.
தங்கை வீட்டுச் சடங்குக்கென்று வாங்கினான்.
கேட்கும்போதெல்லாம் ‘நாளைக்கு’ என்றான்.
ஒருநாள் நான் கேட்ட விதம் சரியில்லை,
அவன் சொன்ன விதமும்.
பிறகு அவன் கீழ்க்கட்டில், நான் மேல்கட்டில்,
நடுவில் ஒரு பலகை.

செவ்வாய்க்கிழமை கிரைண்டர் அவன் கையைக் கடித்தது.
பதினொரு தையல்.
முதல் கட்டு கிளினிக்கில்,
அடுத்தவை அறையிலேயே மாற்றிக்கொள் என்றார்களாம்.

வலது கை.
இடது கையால் வலது கைக்குக் கட்டலாம் என்பவர்
ஒருமுறை கட்டிப் பார்க்கட்டும்.
நுனியைப் பல்லில் கடித்தபடி
நேற்றிரவு அவன் சுற்றினான்.
சுருள் கைதவறி உருண்டு
செருப்புகளுக்கிடையே போய்
அழுக்கில் நின்றது.
அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எண்பது வெள்ளிக்குக் கை நீட்டியவன்
இதற்கு நீட்டவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் இரவு ஷிஃப்ட்.
காலையில் அவன் தலையணைமேல் கிடந்த சீட்டை
எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழரையிலும் இரண்டு ரகம்.
ஒன்று அறுபது காசு. விறைப்பு. ஓரம் நூல் பிரிகிறது.
மணிக்கட்டு மடங்கினால் வழுக்கி இறங்கிவிடும்.
மற்றது ஒரு வெள்ளி முப்பது.
சுருங்கச் சுருங்க நெய்தது,
இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பி வரும்.
கொடுத்தால் திரும்பி வரும் பொருள்!
இரண்டு எடுத்தேன்.

சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.
பழைய துணி தையலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.
‘பிய்க்காதே, உப்புநீர் விட்டு ஊறவிடு’ என்றது சீட்டு.
ஊறும்வரை இருவரும்
மின்விசிறியைப் பார்த்தோம்.

ஒட்டாத பட்டையைப் புண்மேல் வைத்தேன்.
சுருள் அதைப் பிடித்து நிறுத்த மட்டும்தான்,
புண்ணை அது தொடக்கூடாது.
மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை நோக்கி ஏறினேன்.
ஒவ்வொரு சுற்றும்
முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும்.
சுருளைத் தோலோடு ஒட்டி உருட்ட வேண்டும்,
தூக்கிப் பிடித்தால் இறுகிவிடும்.

இறுகட்டுமே என்று ஒரு விநாடி.
ஒரே இழுப்பில்
எண்பதும் வசூலாகிவிடும்.

விரல் நுனிகளை வெளியே விட்டிருந்தேன்.
கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன்.
வெளுத்தது.
விட்டேன்.
ஒன்று, இரண்டு.
சிவப்பு திரும்பி வந்தது.

“இறுக்கமா இருக்கா?”
நான்கு மாதத்தில் இதுதான் முதல் பேச்சு.
தொண்டையில் துரு.

“இல்ல.”
கையை மடக்கி நீட்டிப் பார்த்தான்.
“மேல கொஞ்சம் லூசு.”

ஓசியில் கட்டுகிறேன், அதிலும் குறை.
பிரித்து மறுபடி சுற்றி
புண்ணுக்கு எதிர்ப்பக்கமாகப் பட்டை ஒட்டினேன்.

இடது கையால் பெட்டியைத் துழாவி
மடியில் சில்லறை அடுக்கினான்.
இரண்டு வெள்ளி அறுபது காசு.
ரசீதைப் பார்த்திருக்கிறான் போல.
எண்ணினேன், சரியாக இருந்தது.
அந்த எண்பதைப் பற்றி அவனும் பேசவில்லை,
நானும்.

மேலே ஏறக் கால் வைத்தபோது கேட்டான்:
“நாளைக்கு எத்தன மணிக்கு மாத்தலாம்?”

லாரி வந்து இறக்கிவிடும் நேரத்தைக் கணக்குப் போட்டேன்.
ஏழரை என்று சொல்ல வாயெடுத்து
எட்டு என்றேன்.